மதுரையில் நடைவேகம் அளப்பது எப்படி: சித்திரை வீதி முதல் சிக்னல் வரை

மதுரை ரயில் நிலையத்தில் இறங்கி, டவுன் ஹால் ரோடு வழியாக மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவரைக் கவனித்துப் பாருங்கள். பிளாட்பாரத்தில் ஒரு வேகம், நடை மேம்பாலப் படியில் அதில் பாதி. மேல வெளி வீதியைக் கடக்கும்போது ஓட்டமும் நடையுமாகப் போகிறார். டவுன் ஹால் ரோட்டில் வண்டிகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் நடுவில் நின்று நின்று போகிறார். வண்டிகள் வராத சித்திரை வீதிக்கு வந்ததும் நடை தானாகவே தளர்ந்து நிதானமாகிறது. ஆள் ஒருவர்தான், கால்களும் அதே கால்கள்தான். இடம் மாற மாற வேகம் மாறுகிறது.

இந்த வேறுபாட்டை நாமே அளந்துவிடலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். டேப், சாக்பீஸ், செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, கூட ஒரு ஆள், இவ்வளவு போதும். சிக்னலில் பச்சை விளக்கு எத்தனை விநாடி எரிய வேண்டும், நடைபாதை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று பேசும்போது கையில் எண் இருந்தால் பேச்சின் தரமே மாறிவிடும். நான் சிவில் இன்ஜினீயரிங் மாணவர்களையும், தங்கள் வார்டில் ஏதாவது செய்ய நினைக்கும் சாதாரணக் குடியிருப்பாளர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண்கள்

சுவிட்சர்லாந்தின் உல்ரிக் வைட்மான் 1990களின் தொடக்கத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்து, தடையில்லாத சமதரையில் மனிதர்களின் சராசரி நடைவேகம் விநாடிக்கு 1.34 மீட்டர் என்று கணக்கிட்டார். உலகம் முழுக்க இன்றும் எடுத்தாளப்படும் எண் அது. சிக்னல் நேரத்துக்குப் பல நாடுகளில் விநாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அமெரிக்காவில் 2009-ல் அதையும் குறைத்து 1.07 மீட்டர் ஆக்கினார்கள். முதியோர் கடந்து முடிப்பதற்குள் விளக்கு மாறிவிடுகிறது என்பதுதான் காரணம். இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களிடம் அளந்தபோது ஆண்களின் சராசரி 0.9, பெண்களின் சராசரி 0.8 மீட்டர்தான் வந்தது.

நம் ஊர்க் கூட்டத்துக்கென்று ஒரு தனித்தன்மையும் உண்டு. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் ஜெர்மானியரையும் இந்தியரையும் ஒற்றை வரிசையில் நடக்கவிட்டு ஒப்பிட்டார்கள். கூட்டம் நெருங்க நெருங்க ஜெர்மானியரின் வேகம் சட்டெனக் குறைந்தது, இந்தியரின் வேகம் அந்த அளவுக்குக் குறையவில்லை. அடுத்தவருக்கு நெருக்கமாக நடப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆகவே வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே மதுரைக்குப் பொருத்தக் கூடாது. நாம் தெருவில் இறங்கி அளப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

எந்தக் கேள்விக்காக அளக்கிறோம்

இதை முடிவு செய்யாமல் டேப்பைக் கையில் எடுக்காதீர்கள். சிக்னல் நேரம்தான் கேள்வி என்றால் மெதுவாக நடப்பவர்களின் வேகம் வேண்டும். நடைபாதை அகலம் என்றால் கூட்ட நேரத்தின் வேகமும் நெருக்கமும் சேர்ந்து வேண்டும். பேருந்து நிலையத்தில் ஒரு நிறுத்தத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எவ்வளவு நேரம் ஆகிறது என்பது கேள்வியானால் மூட்டை முடிச்சோடு போகிறவர்களைத் தனியாகப் பிரித்து எழுத வேண்டும். கேள்வியை ஒரே வரியில் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

இடங்களைத் தேர்ந்தெடுப்பது

ஒப்பீடு வேண்டும் என்றால் ஐந்து வகை இடங்களாவது தேவை. மதுரைக்கு நான் சொல்லும் ஐந்து: வண்டியில்லாத அகன்ற தெரு (சித்திரை வீதிகள்), சாதாரண நடைபாதை (அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம்), கடைவீதி (விளக்குத்தூண் சுற்றுவட்டாரம், மாசி வீதிகள்), ரோடு கடக்கும் இடம், படிக்கட்டு. நேரம் இருந்தால் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வகையிலும் நேரான, வளைவில்லாத, நடுவில் கடை வாசலோ தண்ணீர்ப் பந்தலோ இல்லாத ஒரு துண்டைத் தேடுங்கள். கடை வாசல் இருந்தால் பாதிப் பேர் நடுவழியில் உள்ளே போய்விடுவார்கள், கணக்கு முழுமையடையாது. ஆனால் கடைவீதியின் இயல்பே கடைகள்தான். அங்கே வாசலைத் தவிர்க்க முடியாது, அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கோட்டைக் குறிப்பது

சமதரையில் 10 மீட்டர் நல்ல நீளம். டேப்பால் அளந்து இரண்டு முனையிலும் சாக்பீஸால் ஓரத்தில் மட்டும் சின்னக் கோடு போடுங்கள். நடுவில் பெரிதாகக் கோடு போட்டால் நடப்பவர்கள் அதைப் பார்த்து வேகத்தை மாற்றிக்கொள்வார்கள். மின்கம்பம், தூண், கடையின் ஷட்டர் ஓரம் போன்ற நிலையான அடையாளம் கிடைத்தால் சாக்பீஸே வேண்டாம்.

ஏன் 10 மீட்டர்? நம் விரல் ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் சாதாரணமாகவே ஒரு 0.2 விநாடி பிழை வரும். 10 மீட்டரைக் கடக்க எட்டு விநாடி ஆகிறது என்றால் அந்தப் பிழை 2.5 சதவீதம். அதே ஆளை 3 மீட்டரில் அளந்தால் இரண்டரை விநாடிக்கு அதே 0.2, அதாவது 8 சதவீதம். மறுபக்கம், 30 மீட்டர் என்று நீட்டினால் நடுவில் நிற்பவர்களும் திரும்புபவர்களும் அதிகமாகிவிடுகிறார்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். கோட்டுக்கு நேராக, பக்கவாட்டில் நிற்க வேண்டும். சாய்கோணத்தில் பார்த்தால் ஆள் கோட்டைத் தொடும் முன்பே தொட்டதுபோலத் தெரியும். வீடியோ எடுப்பதானால் மாடியிலிருந்து, முகம் தெரியாத உயரத்தில் எடுங்கள். கணக்கு முடிந்ததும் அழித்துவிடுங்கள். ரயில் நிலையத்திலும் கோயிலைச் சுற்றிய பகுதியிலும் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. கோயிலுக்குள் 2018-லிருந்து செல்போன் கொண்டுபோக முடியாது. கோயிலுக்குள் இருக்கும் ஆடி வீதியில் அளக்க நினைத்தால் கைக்கடிகாரம்தான் துணை.

யாரை அளப்பது

இந்த இடத்தில்தான் பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் சறுக்குகின்றன. கண்ணுக்குப் பளிச்சென்று படுகிற ஆளைத்தான் கை தேர்ந்தெடுக்கும். விறுவிறுவென்று போகிறவரோ, ஊன்றுகோலோடு வருபவரோ அளவுக்கு மீறி நோட்டில் ஏறிவிடுவார்கள். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: முதல் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு ஐந்தாவது ஆளும். யாராக இருந்தாலும் சரி, அந்த ஐந்தாவது ஆள்தான்.

ஒவ்வொருவருக்கும் விநாடியோடு சேர்த்துக் குறிக்க வேண்டியவை: ஆணா பெண்ணா, தோராய வயது (சிறுவர், இளையோர், நடுவயது, முதியோர் என்ற நான்கு போதும்), கையில் சுமை உண்டா, தனியாகவா கூட்டாகவா, செல்போன் பார்த்துக்கொண்டா, எந்தத் திசை. சித்திரை வீதி என்றால் செருப்பா வெறுங்காலா என்பதையும் சேருங்கள். இருவர் மூவராகச் சேர்ந்து நடப்பவர்கள் தனியாளைவிட மெதுவாகப் போவார்கள், செல்போன் பார்ப்பவர்களும் அப்படித்தான். இவை பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவுகள். குழந்தையின் கையைப் பிடித்து வரும் தாய் குழந்தையின் வேகத்தில்தான் நடப்பார். அப்படி வருபவர்களை ஒரே அலகாக எழுதுங்கள்.

அதே நேரத்தில் உங்களோடு வந்தவர் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை, குறித்த துண்டுக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் நடக்கிறார்கள் என்று எண்ணி எழுத வேண்டும். அதைப் பரப்பளவால் வகுத்தால் நெருக்கம் கிடைக்கும். 10 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், உள்ளே 10 பேர் என்றால் சதுர மீட்டருக்கு 0.5 பேர். நெருக்கத்தை எழுதாமல் வேகத்தை மட்டும் எழுதினால், இடத்தால் குறைந்ததா கூட்டத்தால் குறைந்ததா என்று பிறகு பிரிக்கவே முடியாது. வைட்மானின் கணக்குப்படி சதுர மீட்டருக்கு ஒருவர் என்ற நெருக்கத்தில் வேகம் சுமார் 1.06 மீட்டர், இருவர் என்றால் 0.6 மீட்டர்.

சித்திரை வீதிகள்

வண்டிகள் இல்லாத, கல் பாவிய, அகன்ற தெரு. ஆகவே இங்கேதான் வேகம் அதிகம் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. அவசரம் உள்ளவர்கள் தவிர மற்றவர்கள் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, பேசிக்கொண்டு, குழந்தைகளை ஓடவிட்டு நடப்பார்கள். பின்னால் ஹாரன் அடிக்காத தெருவில் மனிதர்கள் இப்படித்தான் நடப்பார்கள். இந்த மெதுவேகத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை, தெரு நன்றாக இருப்பதற்கான அளவீடாகவே பார்க்கிறேன். அறிக்கையிலும் அப்படியே எழுதுங்கள்.

இன்னொரு விஷயம், கோயிலை வலம் வருகிறவர்கள் கோயில் தங்கள் வலப்பக்கம் இருக்கும்படி ஒரே திசையில் போகிறார்கள். எதிரெதிரே வருபவர்கள் குறைவு. ஒருதிசை ஓட்டத்தில் மோதல் குறைவு என்பதால் கூட்டம் இருந்தாலும் வேகம் அவ்வளவாக விழாது. எதிர்த்திசையில் வருபவர்களைத் தனிப் பத்தியில் எழுதினால் வேறுபாடு தெரியும்.

வெயிலையும் மறக்காதீர்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் பதினொரு மணிக்கு மேல் கல் கொதிக்கும். வெறுங்காலோடு வருபவர்கள் விரிப்பும் நிழலும் உள்ள இடத்தில் ஒரு நடையும், இல்லாத இடத்தில் வேறொரு நடையும் நடப்பார்கள். காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும், நிழல் பக்கமும் வெயில் பக்கமும் என நான்கு தொகுதியாக அளந்தால்தான் அந்தத் தெருவை அளந்ததாக அர்த்தம்.

சாதாரண நடைபாதை

இந்தியச் சாலைக் கழகத்தின் வழிகாட்டி, தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது விட வேண்டும் என்கிறது. கர்ப், அதாவது நடைபாதையின் ஓரக்கல், 150 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. முதலில் உங்கள் நடைபாதையில் டிரான்ஸ்பார்மர், பைக், விளம்பரப் பலகை, உடைந்த ஸ்லாப் எல்லாம் போக மிஞ்சும் அகலத்தை அளந்து எழுதுங்கள். சுவரை ஒட்டி யாரும் உரசிக்கொண்டு நடப்பதில்லை, ஆகவே சுவரோரம் அரை மீட்டர் அளவுக்கு வீணாகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இங்கே ஒரு பொறி இருக்கிறது. நடைபாதை மோசமாக இருந்தால் மக்கள் ரோட்டில் இறங்கி நடப்பார்கள். நடைபாதையில் உள்ளவர்களை மட்டும் அளந்தால், காலியான நடைபாதையில் நல்ல வேகம் என்று கணக்கு காட்டும். அது முழுப் பொய்யான படம். ஆகவே கோட்டை ரோட்டின் ஓரம் இரண்டு மீட்டர் வரை நீட்டி, மேலே நடப்பவர், கீழே நடப்பவர் என்று பிரித்து எழுதுங்கள். நூறு பேரில் எத்தனை பேர் கீழே இறங்கினார்கள் என்ற அந்த ஒரு எண், வேகத்தைவிட அதிகமாகப் பேசும்.

கடைவீதி

விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஸ்டாப்வாட்ச் வேலைக்கு ஆகாது. குறித்த ஆள் கூட்டத்தில் மறைந்துவிடுவார், ஜவுளிக்கடைக்குள் நுழைந்துவிடுவார். இங்கே வேறு முறை. தெருவின் குறுக்கே ஒரு கோட்டை மனதில் வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு எத்தனை பேர் தாண்டுகிறார்கள் என்று எண்ணுங்கள். நெருக்கத்தையும் எண்ணுங்கள். 3 மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 120 பேர் தாண்டினால், ஒரு மீட்டர் அகலத்துக்கு விநாடிக்கு 0.67 பேர். நெருக்கம் சதுர மீட்டருக்கு 1.5 என்றால், 0.67-ஐ 1.5-ஆல் வகுக்க வேகம் விநாடிக்கு சுமார் 0.44 மீட்டர். ஒரே ஒரு கவனம்: கடை முன்னால் நிற்பவர்களை நெருக்கக் கணக்கில் சேர்த்தீர்களா இல்லையா என்பதை எழுதிவையுங்கள். சேர்த்தால் அது தெருவின் வேகம், சேர்க்காவிட்டால் நடப்பவர்களின் வேகம்.

கீழ மாசி வீதி போன்ற மொத்த வியாபாரத் தெருக்களில் மூட்டை தூக்குபவர்களும் தள்ளுவண்டிகளும் தனி இனம். தலையில் மூட்டை ஏற்றியவர் நிற்க விரும்பமாட்டார், நின்றால் பாரம் அழுத்தும். அவரைச் சாதாரணச் சுமைக்காரர் பத்தியில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள்.

திருவிழாக் கூட்டத்துக்குள் இறங்கி அளக்க வேண்டாம். 2022 சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய வேளையில் நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். சதுர மீட்டருக்கு நான்கு, ஐந்து பேர் என்று ஆகும்போது நடை என்பதே போய், கூட்டம் தள்ளுகிற பக்கம் உடல் போகும். அப்படிப்பட்ட நாளில் உயரமான, பாதுகாப்பான இடத்திலிருந்து எண்ணுவது மட்டுமே சரி.

ரோடு கடக்கும் இடம்

என் கணிப்பில் இதுதான் முழு வேலையின் உயிர்நாடி. மற்ற இடங்களில் மெதுவாக நடப்பவருக்கு நேரம்தான் நஷ்டம், இங்கே உயிர்.

கடக்கும்போது மக்கள் நடைபாதையைவிட வேகமாக நடப்பார்கள், வண்டி வருகிற பயத்தில் எட்டிப்போடுவார்கள். ஆகவே சராசரி பார்க்க அழகாக இருக்கும். அந்தச் சராசரி, வேகத்தைக் கூட்ட முடியாதவர்களை மறைத்துவிடும். கோரிப்பாளையம் பக்கம் அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். நோயாளி, அவரைத் தாங்கிப் பிடித்து வரும் உறவினர், கர்ப்பிணி, காலில் கட்டுப் போட்டவர். ஊர்ச் சராசரியை அந்த ரோட்டுக்கு வைத்தால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கணக்கைப் பாருங்கள். ரோடு 14 மீட்டர் அகலம். விநாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்தால் 11.7 விநாடி போதும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 17.5 விநாடி வேண்டும். விளக்கு மாறும்போது அவர் 9.3 மீட்டர்தான் வந்திருப்பார். இன்னும் நாலரை மீட்டருக்கு மேல் பாக்கி, ஒரு வண்டித் தடத்தைவிட அதிகம்.

அளக்கும் முறையில் சில நுணுக்கங்கள். கர்பிலிருந்து கால் இறங்கிய கணத்தில் தொடங்கி, எதிர் கர்பில் கால் ஏறும் கணத்தில் முடியுங்கள். மீடியன் (ரோட்டின் நடுத்தடுப்பு) இருந்தால் இரண்டு பாதியையும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள், நடுவில் நின்ற நேரத்தைத் தனியாக. சிக்னல் இல்லாத இடத்தில் நம்மவர்கள் ஒரே மூச்சில் கடப்பதில்லை. ஒரு ஷேர் ஆட்டோவை விட்டு, இரண்டடி வைத்து, ஒரு பைக்கை விட்டு, மறுபடி இரண்டடி. நின்ற நேரத்தைக் கழித்தால் நடைவேகம், கழிக்காவிட்டால் கடக்கும் வேகம். இரண்டும் தேவை. சிலர் குறுக்காகச் சாய்ந்து கடப்பார்கள். அவர்கள் நடந்த தூரம் ரோட்டின் அகலத்தைவிட அதிகம் என்பதால், தொடங்கிய இடத்தையும் முடித்த இடத்தையும் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள்.

படிக்கட்டு

படியில் வேகம் சமதரையில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. ஏறுவதைவிட இறங்குவது சற்று வேகம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது தலைகீழாகவும் ஆகலாம். கிடைமட்டத் தூரமா சாய்வுத் தூரமா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 15 சென்டிமீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் அகலம் கொண்ட 20 படிகள் என்றால் கிடைமட்டத்தில் 6 மீட்டர், சாய்வில் 6.7 மீட்டர். ஒருவர் ஒன்றையும் இன்னொருவர் மற்றொன்றையும் எடுத்தால் ஒப்பீடு பாழ். விநாடிக்கு எத்தனை படி என்றும் கூடவே எழுதினால் யாருக்கும் புரியும். சாய்தளம் இருந்தால், 10 சதவீதத்துக்கு மேல் சரிவு உள்ளதில் ஏறும்போதுதான் வேகம் தெளிவாகக் குறையும். சக்கர நாற்காலிக்கு ஏற்ற 1:12 சரிவு (சுமார் 8 சதவீதம்) அதைவிடக் குறைவுதான்.

ரயில் நிலையத்தில் வண்டி வந்து நின்றவுடன் வரும் கூட்டத்தையும் வண்டி இல்லாத நேரத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

கணக்குப் போடுவது

ஒரு இடத்துக்கு நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைவேகத்தின் சிதறல் (ஆளுக்கு ஆள் சராசரியிலிருந்து விலகும் அளவு, standard deviation) 0.25 மீட்டர் அளவில் இருந்து, சராசரி 0.05 மீட்டர் பிழைக்குள் இருக்க வேண்டும் என்றால் 95 சதவீத உறுதிக்கு 96 பேர் தேவை. முதியோரைத் தனியாகப் பேசப் போகிறீர்கள் என்றால் முதியோரிலேயே அந்த அளவு வேண்டும்.

சராசரி எடுப்பதில் கவனம். மூன்று பேர் 1.5, 1.0, 0.5 மீட்டர் வேகத்தில் 10 மீட்டரைக் கடக்கிறார்கள். வேகங்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.0 வரும். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 6.7, 10, 20 விநாடி, மொத்தம் 36.7. மூவரும் சேர்ந்து நடந்த 30 மீட்டரை அதால் வகுத்தால் 0.82. நெருக்கத்தோடும் அகலத்தோடும் சேர்த்துக் கணக்குப் போடும்போது இந்த இரண்டாவது முறைதான் சரி. மெதுவாக நடப்பவர் தெருவில் அதிக நேரம் இருக்கிறார், அந்த உண்மை இதில்தான் பதிவாகிறது.

அப்புறம் எல்லா வேகத்தையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். நூறு பேரில் பதினைந்தாவது ஆளின் வேகம்தான் சிக்னல் கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய எண். அதைவிட மெதுவாக நடப்பவர்கள் அப்போதும் பதினான்கு பேர் இருக்கிறார்கள். மருத்துவமனை, பள்ளி, கோயில் வாசல்களில் ஐந்தாவது ஆளின் வேகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

எழுதிக் கொடுப்பது

அறிக்கை இரண்டு பக்கம் போதும். இடத்தின் படம், அகலம், நாள், மணி, வெயிலா மழையா, எத்தனை பேர், சராசரி, பதினைந்தாவது ஆளின் வேகம், நெருக்கம். சிக்னல் நேரம் பற்றியது என்றால் போக்குவரத்துக் காவல் பிரிவுக்கும், நடைபாதை பற்றியது என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் வார்டு கவுன்சிலருக்கும் கொடுங்கள். பெரிய ரோடுகள் சில நெடுஞ்சாலைத் துறையின் வசம் இருக்கும், யாருடையது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வார்டுப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபாக் கூட்டத்தில் வாசித்துப் பதிவு செய்யச் சொல்லலாம். கோரிக்கையை ஒரே வரியில், விநாடியில் அல்லது மீட்டரில் எழுதுங்கள்: "பச்சை விளக்கை இத்தனை விநாடியாக்க வேண்டும்", "இந்த டிரான்ஸ்பார்மர் பக்கம் இத்தனை மீட்டர் வழி விட வேண்டும்".

வேலை நடந்த பிறகு மறுபடி அளக்க வேண்டியிருக்கும். அதற்காக எந்த மின்கம்பத்திலிருந்து எந்தத் தூண் வரை அளந்தீர்கள், கம்பத்தின் எண் என்ன, எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தெளிவாக எழுதிவையுங்கள். நீங்கள் இல்லாவிட்டாலும் அடுத்தவர் அதே துண்டில் நின்று அளக்க அது போதும்.